நீரில் பிழைக்கும் கல்வி

சில ஆண்டுகளுக்கு முன்னர், மார்கழி விடுமுறைக் காலத்தில், வன்னியில் நாம் பணிபுரிந்த கிராமம் ஒன்றிலே இரு சிறுவர்களை ஒரே நாளில் நல்லடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. ஒருவன் தரம் ஏழில் படித்தவன். மற்றவன் தரம் ஒன்பது. வீதி வேலைக்காகக் கிரவல் அகழ்ந்த கிடங்கு ஒன்று காட்டோரமாகக் கிடந்தது. மாரி மழைக்கு அது விளிம்பு வரை நிரம்பியிருந்தது. விளையாடிவிட்டுச் சேறு கழுவப்போன சின்னவன் கால் வழுக்கி விழுந்தான். நன்றாக நீந்தக்கூடிய பெரியவன் அவனைத் தூக்கப் பாய்ந்தான். கூடப்போன மூன்றாவது சிறுவன் ஊருக்குள் ஓடி ஆட்களை அழைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் நாம் அவ்விடத்துக்குச் சென்றபோது அவர்களுடைய சைக்கிள் கரையிலே மரத்தோடு சாத்தியபடி நின்றது. அதன் கரியரில் வெறும் தண்ணீர்க் கான் ஒன்று, மூடி இறுக்கப்பட்டு, கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. மூழ்கும் ஒருவரின் தலையை நீருக்கு மேலே வைத்திருக்க நான்கைந்து கிலோ எடையைத் தாங்கும் மிதவை போதும். அந்தக் கான் அதற்கு மேலேயே தாங்கியிருக்கும். அதை அவிழ்த்து எறிய வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்கு அவர்கள் காரணமல்ல. அதை அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

நாமும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. 2009இன் பின் மீள்குடியேற்றம் நடந்த காலத்தில் பாடசாலை பாடசாலையாகச் சென்று, கண்ணிவெடியைக் கண்டால் என்ன செய்வது என்று இதே பிள்ளைகளின் மூத்த சகோதரர்களுக்குப் படம் காட்டி விளக்கினோம். கை கழுவுதலைக் கற்பித்தோம். பாம்புக்கடிக்கு முதலுதவி கற்பித்தோம். வருடம் முழுவதும் வீட்டுக்கு அருகிலேயே கிடக்கும் நீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தவறை உணர்ந்த பின்னர் நாம் கற்றவற்றையும், ஊரவரோடு சேர்ந்து செய்து பார்த்தவற்றையும் இங்கே எழுதுகின்றோம்.

முன்னர் கற்பித்தவர்கள் யார்?

“எங்கள் காலத்தில் எவரும் எங்களுக்கு நீச்சல் படிப்பிக்கவில்லை, நாங்களாகவே பழகினோம்” என்று முதியவர்கள் சொல்வார்கள். சற்று விசாரித்துப் பார்த்தால் அது முற்றிலும் சரியன்று என்பது விளங்கும். அண்ணன்மாரும் மாமன்மாரும் குளிக்கப் போகும்போது சின்னவர்களைக் கூட்டிச் சென்றார்கள். காய்ந்த தேங்காய் இரண்டை உரிமட்டையோடு பிணைத்து இடுப்பில் கட்டினார்கள். சுரைக்குடுக்கையும் வாழைக்குற்றியும் மிதவைகளாயின. எங்கே சேறு, எங்கே பள்ளம், துருசு திறந்திருக்கும் நாளில் எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதெல்லாம் குளிக்கும்போதே சொல்லப்பட்டன. அது பாடசாலை இல்லாத பாடசாலை.

போரும் இடப்பெயர்வும் அந்தச் சங்கிலியை அறுத்துவிட்டன. ஊர் ஊராக ஓடிய குடும்பங்களின் பிள்ளைகள் தறப்பாள் கொட்டில்களிலும் முகாம்களிலும் வளர்ந்தார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. அங்கே குளிப்பது வாளித் தண்ணீரில். இவ்வாறு வளர்ந்தவர்கள் இன்று பெற்றார்களாக இருக்கிறார்கள். தமக்கே தெரியாததை அவர்கள் தம் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பார்கள்?

மறுபுறத்தில் நீரும் மாறிவிட்டது. ஆற்றுப் படுக்கைகளில் மணல் அகழ்ந்த குழிகள், கிரவல் கிடங்குகள், கைவிடப்பட்ட காணிகளில் பற்றை மூடிய கட்டில்லாக் கிணறுகள் என்பன முதியவர்களின் அனுபவத்துக்கும் புதியவை. ஆகவே பழைய வழியை நம்பியிருக்க முடியாது. அந்தக் கல்வியைப் பாடசாலையும் கிராமமும் சேர்ந்து ஒழுங்காகக் கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

எவ்வளவு பெரிய பிரச்சினை?

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 300,000 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். இவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளின் மரணத்துக்கான காரணங்களில் இது மூன்றாம் இடத்தில் நிற்கிறது. இதன் பாரதூரத்தை உணர்ந்தே ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2021இல் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி, யூலை 25ஆம் திகதியை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் தினமாகப் பிரகடனம் செய்தது.

எமது நாட்டின் அனுபவங்களும் நினைவில் உள்ளன. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை முடியாதிருந்தபடியால் மிதவைப் படகில் களப்பைக் கடந்தவர்கள் அது கவிழ்ந்து நீரில் வீழ்ந்தார்கள். இறந்தவர்களுள் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி, அம்பாறை மாவட்டம் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடியிருந்தபோது, உழவு இயந்திரப் பெட்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்கள் நீரோடு அள்ளுண்டு போனார்கள். இவர்கள் நீரில் விளையாடப் போனவர்கள் அல்லர். ஒரு சாரார் படிக்கப் போனார்கள், மறுசாரார் படித்துவிட்டு வந்தார்கள். நீர் தன்னை நாடி வருவோரை மாத்திரம் கொல்வதில்லை.

மூழ்குதல் எவ்வாறு நிகழ்கிறது?

மூழ்குபவர் கையை ஆட்டிக் கூக்குரலிடுவார் என்றே நாம் எண்ணுகிறோம். திரைப்படங்களிற் கண்டது அது. உண்மையில் பெரும்பாலான மரணங்கள் ஓசையின்றி நிகழ்கின்றன. வாய் நீருக்கு மேலே வரும் சிறு நொடியில் மூச்சு எடுப்பதற்கே நேரம் போதாது, குரல் எழுப்புவதற்கு எங்கே நேரம்? கைகள் தாமாகவே பக்கவாட்டில் நீரை அழுத்துமேயன்றி மேலே உயர்ந்து உதவி கேட்கமாட்டா. உடல் நிமிர்ந்து நிற்கும், தலை பின்னால் சாயும், கண்கள் வெறித்திருக்கும். ஒரு பிள்ளை ஒரு நிமிடத்துக்குள்ளேயே அடியில் போய்விடலாம். பின்னர் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளைக்குப் பிராணவாயு இல்லாமற் பாதிப்பு ஆரம்பிக்கும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, சத்தம் கேட்டால் ஓடுவோம் என்று அடுப்படியில் இருந்துகொண்டு பிள்ளையைக் குளத்துக்கு அனுப்புவது காவலாகாது. இரண்டாவது, நகரத்திலிருந்து எவ்வளவு விரைவாக உதவி வந்தாலும் அது பிந்தியே வரும். காப்பாற்றக்கூடியவர்கள் கரையில் நிற்பவர்களே. அவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள்.

ஆகவே நீச்சற் கல்வி என்று நாம் கூறுவது விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியை அன்று. அதில் ஐந்து பாடங்கள் உண்டு. கைகால் அடித்து நீந்துதல் அவற்றுள் ஒன்று மாத்திரமே.

முதற் பாடம்: எமது ஊர் நீரை அறிதல்

இதற்கு நீரில் இறங்கவே தேவையில்லை. வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு கிராமத்தின் படம் ஒன்றை வரையச் செய்யலாம். குளம், வாய்க்கால், கிணறுகள், கிடங்குகள், ஆற்றுத்துறை, பாலம் என எல்லாவற்றையும் அதிற் குறித்து, ஆபத்தான இடங்களுக்குச் சிவப்பு நிறம் தீட்டச் சொல்லலாம். பெரியவர்கள் மறந்துவிட்ட கிணறுகளையும் பிள்ளைகள் அறிந்திருப்பார்கள்.

அவர்கள் அறிய வேண்டிய உண்மைகள் சில:

குளத்தின் ஆழம் நிலையானதன்று. ஆவணியில் முழங்காலளவு நின்ற இடம் மார்கழியில் தலைக்கு மேல் நிற்கும். கட்டுக்கு மண் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும்.

துருசு திறந்திருக்கும்போது அதன் வாயருகே நீர் உள்ளிழுக்கும். மேலே தோற்றம் அமைதியாக இருந்தாலும் அடியில் இழுவை பலமானது. வான் பாயும் இடத்துக்குக் கீழே நீர் சுழன்று பிடிக்கும்.

கிரவல், மணற் கிடங்குகளின் கரை செங்குத்தானது. ஓரடி வைத்தால் முழங்கால், அடுத்த அடியில் ஆழம். ஏறப் பிடித்தால் மண் கையோடு இடிந்து வரும்.

ஓடும் வெள்ளத்தின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். எனவேதான் கணுக்காலைச் சற்றுத் தாண்டிய 15 சென்ரிமீற்றர் வேகநீர் வளர்ந்தவரையே வீழ்த்த வல்லது. ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் நீர் வாகனத்தையும் மிதக்கவைத்து இழுத்துச் செல்லும். 2018 டிசம்பரில் பெருமழையால் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் பரவியதை எம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். வீதியை மூடி ஓடும் நீரின் கீழே வீதி இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. ஆகவே கடப்பதில்லை, திரும்பிப் போவது என்பதே சட்டம். ஆசிரியரோ சாரதியோ “பயமில்லை, வா” என்றாலும் மறுக்கும் துணிவைப் பிள்ளைக்கு நாம் கொடுக்க வேண்டும்.

கடற்கரைக் கிராமங்களில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். கரையில் மோதிய அலைநீர் ஒடுங்கிய ஓட்டமாகத் திரும்பிக் கடலை நோக்கி ஓடும் இடங்கள் உண்டு. அதில் அகப்பட்டவர் நேரே கரையை நோக்கி நீந்தினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகச் சற்றுத் தூரம் நீந்தி, ஓட்டத்தை விட்டு விலகிய பின்பே கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிடில் மிதந்துகொண்டு கையசைக்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: மிதத்தல்

மனித உடலின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்திக்குச் சமம். நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது பெரும்பாலானோர் மிதப்பார்கள். காற்றை வெளியேவிட்டால் அமிழ்வார்கள். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியதாகையால் கடலில் மிதப்பது சற்று இலகு, குளத்தில் சற்றுக் கடினம். மிதக்கும் உடலில் ஒரு சிறு பகுதிதான் நீருக்கு மேலே நிற்கும். கையை மேலே தூக்கினால் அந்தப் பங்கைக் கை எடுத்துக்கொள்ளும், முகம் கீழே போய்விடும். பயந்தவன் செய்வது சரியாக இதுவே: கத்தி மூச்சை விடுகிறான், கையை உயர்த்துகிறான், அமிழ்கிறான்.

ஆகவே பிள்ளை முதலிற் பழக வேண்டியது மல்லாந்து மிதப்பதை. காதுகள் நீருக்குள், நாடி மேல் நோக்கி, வயிறு உயர்த்தி, கைகள் நீருக்குள்ளேயே விரிந்து, மூச்சை ஆழமாக எடுத்து மெதுவாக விட வேண்டும். ஆரம்பத்தில் பயிற்றுநர் பிடரியின் கீழே ஒரு கையைத் தாங்கலாக வைப்பார். பின்னர் இரு விரல்கள் மாத்திரம். பின்னர் ஒன்றுமில்லை. நீர் தன்னைத் தாங்கும் என்று பிள்ளை கண்டுகொள்ளும் அந்தக் கணத்தில் பயத்திற் பாதி போய்விடும். அதன் பின் உடையோடும் மிதக்கப் பழக்க வேண்டும். ஏனெனில் நீரில் தவறி விழுபவர் எவரும் நீச்சல் உடையோடு விழுவதில்லை.

மூன்றாம் பாடம்: நீந்துதல்

மிதக்கத் தெரிந்த பிள்ளைக்கு நீந்துதல் அடுத்த படிதான். நீருக்குள் மூச்சை விடுதல், மேலே வந்து எடுத்தல், காலடித்தல், கைவீச்சு என்ற ஒழுங்கில் போகலாம். அழகான பாணி தேவையில்லை. வங்காளதேசத்தில் கிராமப் பிள்ளைகளுக்காக வகுக்கப்பட்ட பயிற்சியில் தேர்ச்சிக்குரிய அளவு எளிமையானது: 25 மீற்றர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், கரையில் நின்றபடி மற்றவரைக் காப்பாற்றும் முறையைச் செய்து காட்ட வேண்டும்.

இப்பயிற்சி நீச்சல் தடாகங்களில் நடக்கவில்லை. ஊர்க் குளங்களில் மூங்கிலால் தட்டியும் அடைப்பும் கட்டி, அவ்வூரவரையே பயிற்றுநர்களாக்கி நடத்தினார்கள். 2006 முதல் 2010 வரை நடந்தவற்றை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, பயிற்சி பெற்ற நான்கு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடையே மூழ்கி இறத்தல், பெறாதவர்களைவிட 90 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருந்ததைக் காட்டியது. “நீச்சல் தெரிந்தால் துணிந்து ஆழத்துக்குப் போவான், தெரியாமல் இருப்பதே நல்லது” என்று அஞ்சும் பெற்றாருக்கு இது நல்ல பதில். எனினும் அவர்களது அச்சத்தில் ஓர் உண்மை உண்டு. நீந்த மாத்திரம் கற்ற பிள்ளை தன்னை மிஞ்சிய காரியத்தில் இறங்கக்கூடும். நாம் அடக்கம் செய்த பெரியவனுக்கு நீந்தத் தெரிந்திருந்தது. அதனால்தான் அடுத்த பாடத்தை நீச்சலிலிருந்து ஒருபோதும் பிரிக்கக்கூடாது.

நான்காம் பாடம்: இறங்காமற் காப்பாற்றுதல்

மூழ்குபவர் எதைத் தொட்டாலும் அதன் மேல் ஏறவே பார்ப்பார். அது அவருடைய குற்றமன்று, உடலின் இயல்பு. கைக்கு எட்டியது தம்பியின் தோளானாலும் அதை அமுக்கித்தான் மேலே வருவார். ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகளின் பின்னால் பெரும்பாலும் இதுவே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கும் ஒழுங்கு இது: கத்து, நீட்டு, எறி, இறங்காதே.

கத்து: முதலில் பலத்த குரலில் பெரியவர்களை அழைக்க வேண்டும். இருவர் நின்றால் ஒருவர் ஓட, மற்றவர் மூழ்குபவரைக் கண்ணால் விடாமற் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நீட்டு: தடி, கொக்கத்தடி, தென்னம்மட்டை, சேலை, சாரம், கிளை எதையும் நீட்டலாம். நீட்டுபவர் நின்றபடி நீட்டக்கூடாது. குப்புறப் படுத்து, அல்லது மரத்தைப் பிடித்துக்கொண்டு நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவரையும் இழுத்துவிடும்.

எறி: எட்டாத தூரமானால் மிதக்கும் எதையும் எறிய வேண்டும். மூடி இறுக்கிய கான், வெறும் பிளாஸ்ரிக் போத்தல்கள், பந்து, காற்றடித்த ரியூப், தேங்காய் எல்லாம் உதவும். கானுக்குள் சிறிது தண்ணீர் விட்டு மூடினால் காற்றில் அலையாமற் குறி தவறாது போகும். கயிறு கட்டியிருந்தால் இழுத்தும் எடுக்கலாம்.

இறங்காதே: பிள்ளைகளுக்கு இதில் விதிவிலக்கு இல்லை.

இதனைக் கரையில் விளையாட்டாகப் பழக்கலாம். நிலத்தில் வட்டம் ஒன்று கீறி, பத்து மீற்றருக்கு அப்பால் நின்று கயிறு கட்டிய கானை அதற்குள் எறியச் செய்தால், பிள்ளைகள் போட்டி போட்டு எறிவார்கள். ஒரு மணித்தியாலத்தில் கற்பிக்கக்கூடிய இப்பாடத்துக்குச் செலவு கயிற்றின் விலை மாத்திரமே.

ஐந்தாம் பாடம்: மூச்சுக் கொடுத்தல்

நீரிலிருந்து எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்குவது, தலைக்கு மேலே சுழற்றுவது, வயிற்றை அமுக்கி நீர் எடுப்பது என்பன எம்மிடையே இன்னும் நடக்கின்றன. இவை பயனற்றவை. பொன்னான நிமிடங்களை வீணாக்குவதோடு, வயிற்றிலுள்ளதை நுரையீரலுக்குள் செலுத்தியும் விடும். அவருக்குத் தேவைப்படுவது காற்று.

மல்லாக்காக, கடினமான தரையில் கிடத்த வேண்டும். கூப்பிட்டும் அசைவில்லாமல், பத்து விநாடிக்குள் சீரான மூச்சும் தெரியாவிட்டால் உடனே ஆரம்பிக்க வேண்டும். நெற்றியைப் பின்னே சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து நெஞ்சு உயரும்படி ஐந்து தடவை ஊத வேண்டும். பின்னர் நெஞ்சின் நடுவே 30 தடவை அழுத்தி, இரண்டு தடவை ஊதி, இதையே நிறுத்தாமல் தொடர வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகம் சரி. வளர்ந்தவருக்கு 5 சென்ரிமீற்றர் ஆழம், பிள்ளைக்கு நெஞ்சின் தடிப்பில் மூன்றிலொரு பங்கு. அதேவேளை மற்றொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்சைப் பெற வேண்டும். மூச்சு வந்துவிட்டால் பக்கவாட்டில் சரித்துக் கிடத்தலாம். எழுந்து பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தவறக்கூடாது. நுரையீரலுக்குள் நீர் போனவருக்குச் சில மணித்தியாலங்களின் பின்பும் மூச்சுத்திணறல் வரலாம்.

இதை வாசித்து மாத்திரம் செய்ய முடியாது. மேல்வகுப்பு மாணவருக்கும் ஆசிரியருக்கும் முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு பொம்மையில் பழக்குவிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளை விட்டுவிட வேண்டாம்

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை எமது நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பல கரையோரக் கிராமங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்ததை 2005இல் ஒக்ஸ்பாம் நிறுவனம் எடுத்துக்காட்டியது. நீந்துவதும் மரம் ஏறுவதும் ஆண் பிள்ளைகளுக்கே பழக்கப்பட்டிருந்தமை அதற்குக் காட்டப்பட்ட காரணங்களில் ஒன்று. பேரலைக்கு முன் நீச்சல் எவ்வளவு உதவியிருக்கும் என்று கேட்கலாம். ஆனால் அலை வற்றும்போது எதையாவது பற்றிக்கொண்டு மிதக்கத் தெரிந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் பலர்.

எமது கிராமத்திலும் முதலில் ஒரு பெண் பிள்ளையும் வரவில்லை. கேட்டபோது தாய்மார் மூன்று விடயங்களைச் சொன்னார்கள்: பெடியன்கள் பார்ப்பார்கள், உடை ஒட்டும், பயிற்றுவிப்பவர் ஆண். மூன்றும் நியாயமானவையே. எனவே காலை நேரத்தைப் பெண் பிள்ளைகளுக்கென ஒதுக்கினோம். குளக்கரையின் அப்பகுதியைக் கிடுகுத் தட்டியால் மறைத்தோம். தடித்த துணிச் சட்டையும் காற்சட்டையும் அணியலாம் என்றோம். கடற்கரைக் கிராமத்திலிருந்து மணமாகி வந்த ஒரு பெண் சிறுவயதிலிருந்தே நன்றாக நீந்துபவர், அவர் பயிற்றுவிக்க முன்வந்தார். தாய்மார் கரையில் இருந்து பார்த்தார்கள். மூன்றாம் கிழமையில் அவர்களிற் சிலரும் நீரில் இறங்கிவிட்டார்கள்.

எங்கே, எப்போது, யார்?

நீச்சல் தடாகம் கட்டப்படும் வரை காத்திருந்தால் எமது பேரப்பிள்ளைகளும் கற்கப்போவதில்லை. குளமே போதும். ஆனால் குளத்தில் கற்பிப்பதற்கு ஒழுங்கு வேண்டும்.

காலம்: மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் மழை ஓய்ந்து நீர் தெளிந்து நிற்கும். வான் பாயாது. சித்திரை விடுமுறையும் வசதியானது. நாளுக்கு முக்கால் மணி நேரமாக மூன்று கிழமை நடத்தலாம்.

இடம்: துருசுக்கும் வானுக்கும் எட்டிய, தாமரைக்கொடி இல்லாத, மெதுவாகச் சரியும் கரை. பிள்ளையின் நெஞ்சளவுக்கு மேல் ஆழம் வேண்டாம். தடிகளை ஊன்றிக் கயிறு கட்டி எல்லையிட வேண்டும். அடியில் கட்டை, கண்ணாடி, முட்கம்பி இருக்கின்றனவா என்று பெரியவர்கள் இறங்கித் தடவிப் பார்க்க வேண்டும். முதலை நடமாட்டம் பற்றி நன்னீர் மீன்பிடியாளரிடம் கேட்டறிய வேண்டும். போர் நடந்த பகுதியாயின், வெடிபொருள் அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்பட்ட இடமாகவும் இருத்தல் அவசியம்.

ஆட்கள்: ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பயிற்றுநர். அதைவிட, நீரில் இறங்காமற் கரையில் நின்று தலைகளை எண்ணுவதற்கென்றே ஒருவர். பிள்ளைகளை இருவர் இருவராகச் சோடி சேர்த்து, விசில் ஊதியதும் சோடியின் கையைப் பிடித்து உயர்த்தச் செய்தால் எவராவது குறைந்தால் உடனே தெரியும். கயிறு கட்டிய கான்கள் இரண்டு கரையில் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

சுகாதாரம்: காலில் புண், வெட்டுக் காயம் உள்ள பிள்ளை அன்று இறங்கலாகாது. கால்நடைகள் இறங்கும் நீரால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். பின்னர் காய்ச்சல் கண்டால் குளத்தில் குளித்த விடயத்தை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வலிப்பு நோயுள்ள பிள்ளையைத் தனியே நீரில் விடுவது எப்போதும் ஆபத்தானது.

பொறுப்பு: அதிபரின் அனுமதியும் பெற்றாரின் எழுத்து மூலச் சம்மதமும் முதலில் வேண்டும். உடற்கல்வி ஆசிரியர், கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம், மாதர் சங்கம் ஆகியோரைக் கூட்டிப் பேசினால் வேலைகளைப் பகிரலாம். துருசு திறக்கும் நாட்களை அறிவதற்குக் கமக்காரர் அமைப்பே உதவும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிலிருந்து ஆரம்பிப்பது பொருத்தம். அதற்குக் குறைந்தோருக்குப் பயிற்சியைவிடக் காவலும் வேலியுமே பாதுகாப்பு.

மாரிக்கு முன்னர்

முழுப் பயிற்சியை ஆரம்பிக்க எல்லாக் கிராமங்களாலும் இந்த ஆண்டே இயலாதிருக்கலாம். ஆனால் புரட்டாதி முடிவதற்குள் மூன்று காரியங்களைச் செய்யப் பணம் தேவையில்லை. ஊரிலுள்ள கட்டில்லாக் கிணறுகளையும் கிடங்குகளையும் பிள்ளைகளைக் கொண்டே கணக்கெடுத்து, அப்பட்டியலைக் கிராம அலுவலரிடமும் பிரதேச சபையிடமும் ஒப்படைக்கலாம். கிடங்கை வெட்டியவர்களே அதை மூட வேண்டும் அல்லது வேலியிட வேண்டும் என்று கேட்பதற்கு அந்தப் பட்டியல் பலமாக அமையும். இரண்டாவதாக, காலைக் கூட்டத்தில் “கத்து, நீட்டு, எறி, இறங்காதே” என்பதைச் சொல்லிச் செய்து காட்டலாம். மூன்றாவதாக, மக்கள் குளிக்கும் ஒவ்வொரு துறையிலும் மரமொன்றில் ஒரு கானையும் பதினைந்து மீற்றர் கயிற்றையும் தொங்கவிடலாம்.

எமது கிராமத்தில் அவ்வாறு தொங்கவிட்ட முதலாவது கானைக் கொண்டுவந்தவர் சின்னவனின் தகப்பனார். அன்று சைக்கிளில் கட்டியிருந்த அதே கான். வீட்டில் வைத்திருக்க மனம் வரவில்லை என்றார். இரு முறை கயிறு களவு போயிற்று, இரு முறையும் புதுக் கயிறு கட்டினோம். அதன் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள்.